துடைத்தால் கண்ணாடி ஆகிவிடும்

1

கண்ணாடி என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குக் கனடாவில் மூன்று சொல் வைத்திருக்கிறார்கள். முகம் பார்க்க ஒன்று, மூக்கில் மாட்ட ஒன்று, ஜன்னலில் பதிக்க ஒன்று. வந்த புதிதில் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். எல்லாம் மங்கல். "மிரரை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். அந்த அம்மா என் தலையை ஒருமுறை பார்த்தார். "பரவாயில்லை, தலை ஒழுங்காகத்தான் வாரியிருக்கிறது" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். உரிமம் கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி ஒரு படிவம்தான் கிடைத்தது.

இந்த மாதத்தோடு வந்து இருபது வருஷம். இப்போதெல்லாம் மூன்றையும் சரியாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். யாரும் சிரிப்பதில்லை. அப்படிப் பிரிக்கப் பழகியதால்தான் போன ஐப்பசியில் ஒரு பெண் தமிழில் சொன்ன தமிழ் வாக்கியம் எனக்குப் புரியாமல் போயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கதையில் நான் நல்லவனாக வரமாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

ஊரில் என்னை பில்டிங் மேனேஜர் என்பார்கள். அப்படிச் சொல்லி வைத்தது நான்தான், வேறு யாரைக் குறை சொல்வது? நிஜத்தில் டொரொன்டோ பக்கம் ஒரு பதினெட்டு மாடி அடுக்ககத்தின் பராமரிப்பு ஆள் நான். குழாய் ஒழுகினால் நான், லிஃப்ட் நின்றால் நான், வாசல் கண்ணாடியில் பிள்ளைகள் கைவைத்து அழுக்காக்கினால் துடைப்பதும் நான். மேலிடத்து ஆட்கள் வேறு எங்கேயோ உட்கார்ந்து கேமராவில் பார்ப்பார்கள். ஐந்து நிமிஷம் சுவரில் சாய்ந்தால் போன் வரும். அப்போது எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

செப்டம்பர், அக்டோபரில் பறவைகள் குளிருக்குத் தப்பித் தெற்கே போகும். அந்த நாட்களில் காலையில் எங்கள் கட்டடத்தின் அடியில் நாலைந்து செத்துக் கிடக்கும். கண்ணாடியில் வானம் தெரிகிறதல்லவா, அதை வானம் என்றே நம்பி வந்து மோதுகின்றன. அவற்றை அப்புறப்படுத்திவிட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எந்தப் பக்கச் சுவர், எத்தனை மணி, என்ன பறவை. எனக்கு இந்த ஊர்ப் பறவைகளின் பேர் ஒன்றும் தெரியாது. 'சின்னப் பறவை' என்று எழுதுவேன். கொஞ்சம் கனமாக இருந்தால் 'பெரிய பறவை'. பல வருஷமாக இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன், ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.

இங்கே புதுக் கட்டடம் கட்டுகிறவர்கள் பறவை மோதாத கண்ணாடி போடுகிறோம் என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும் என்கிறார்கள். முதன்முதலாகக் கேட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். மனுஷனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, குருவிக்கு வந்துவிட்டார்கள் என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மகள் நிவேதா மட்டும் சிரிக்கவில்லை. அவளும் அவளுடைய கல்லூரிக்காரர்களும் பறவை மோதாமலிருக்க நூலகத்துக் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி ஒட்டினவர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் என்னென்ன செய்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் போய்க் கொஞ்ச காலம் ஆகிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் பாதியில் விட்டுவிடுவோம்.

3

எங்கள் சொந்த ஊர் கிளியனூர். நெல்லும் மணிலாக் கொட்டையும் விளைகிற ஊர். எனக்கு ஆசையெல்லாம், சின்ன வயசில் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சுற்றின உப்பளத்தின் மேல். அதனால் மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டி மனை வாங்கி, போன கோடையில் வீட்டைக் கட்டி முடித்தேன். பின்பக்க ஹாலுக்குச் சுவரே வேண்டாம், தரையிலிருந்து மேல்தளம் வரை கண்ணாடி போடுங்கள் என்றேன். பாண்டிச்சேரியில் ஒரு கடையில் கண்ணாடி எடுத்தோம். வெயில் உள்ளே வராது, உள்ளேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், வெளியேயிருந்து பார்த்தால் வீடு தெரியாது, வானமும் மரமும்தான் தெரியும் என்று கடைக்காரர் சொன்னார். கேட்டதும் மயங்கிவிட்டேன். தினமும் செத்த பறவை பொறுக்குகிறவனுக்கு அந்த இடத்திலாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஹாலில் ஒரு கேமரா வைத்து, கண்ணாடி வழியாக உப்பளம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். இங்கே இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அங்கே விடியும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு மரக்காணம் விடிவதைப் போனில் பார்ப்பேன். என் மனைவி வசந்தா இதை 'உங்க சீரியல்' என்பாள்.

வீட்டைப் பார்த்துக்கொண்டவள் அஞ்சலை. நாற்பது, நாற்பத்தைந்து வயசு இருக்கும். உப்பளத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறாள். கோடை முழுக்க உப்பு வாருவாள். ஐப்பசி மழை பிடித்து உப்பளம் மூடிவிட்டால் தை வரைக்கும் அங்கே வேலை கிடையாது. அந்த மாசங்களுக்கு என் வீட்டைப் பெருக்கவும் கண்ணாடி துடைக்கவும் அவளை ஏற்பாடு செய்தவன் என் சித்தப்பா மகன் குமார். கடல்காற்றில் உப்பு வந்து கண்ணாடியில் படிந்துகொண்டே இருக்கும், ஒருநாள் விட்டால் பால் கொட்டின மாதிரி வெளுத்துவிடும். எனக்கு என் உப்பளம் பளிச்சென்று தெரிய வேண்டும், தினம் துடைக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன்.

4

ஐப்பசியில் ஒருநாள் போனைத் திறந்தால் கண்ணாடியின் வலது பாதி பளிச்சென்று இருக்கிறது, இடது பாதி வெளுத்துக் கிடக்கிறது. மறந்திருப்பாள் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும், நான்காம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் பார்த்தால் இடது பாதி பளிச், வலது பாதி வெள்ளை. இது இன்னும் மூன்று நாள். என் காசில் கட்டின வீட்டில் என்னை வைத்தே கண்ணாமூச்சி ஆடுகிறாளா என்று எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. எட்டாம் நாள் போன் போட்டேன்.

அவளைப் பேசவே விடவில்லை. வேலையென்றால் முழுசாகச் செய்ய வேண்டும், அரை வேலை செய்கிறவர்கள் எனக்கு வேண்டாம், ஆயிரம் காதத்துக்கு அப்பால் இருக்கிறான் என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பா என்றெல்லாம் கேட்டேன். என் மேலிடத்து ஆட்கள் என்னிடம் பேசுகிற அதே தொனி. எங்கே படித்தேன் என்று கேட்க வேண்டியதில்லை. மூச்சு வாங்க நான் நிறுத்தின இடத்தில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"குருவிங்க வந்து மோதுதுண்ணா. தொடச்சா அது கண்ணாடி ஆயிடுது."

"தொடைக்கலன்னாலும் அது கண்ணாடிதாம்மா. நான்தான் பாண்டில பாத்து வாங்கினேன்" என்றேன்.

என் பேச்சுத் திறமையை நானே மெச்சிக்கொண்டு போனை வைத்தேன். அடுத்து குமாரைக் கூப்பிட்டு, சாவியை வாங்கிக்கொள், வேறு ஆள் பார் என்று சொல்லிவிட்டேன். அவனும் மறுபேச்சில்லாமல் அன்றைக்கே போய் வாங்கிவிட்டான்.

5

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் இதை ஒரு வேடிக்கையாக வசந்தாவிடம் சொன்னேன். அஞ்சலை குரலிலேயே சொல்லிக் காட்டினேன். தொடச்சா கண்ணாடி ஆயிடுதாம், தொடைக்கலன்னா என்ன, கதவா? வசந்தா சிரித்தாள். நிவேதா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு, அன்றைக்கு அதிசயமாகத் தமிழிலேயே கேட்டாள்.

"அவங்க சொன்னது கரெக்ட்தானே அப்பா? கண்ணாடின்னா மிரர்தானே?"

அவளுக்குத் தெரிந்த கண்ணாடி அது ஒன்றுதான். சின்ன வயசிலிருந்து 'கண்ணாடி பாத்தது போதும், பஸ் போயிடும்' என்று வசந்தா கத்திக் கத்தி அவள் படித்த தமிழ். ஜன்னலில் இருப்பதற்கும் அதுதான் பேர் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அஞ்சலை சொன்னது அவளுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. துடைத்தால் அது முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிடுகிறது, வானத்தையும் மரத்தையும் காட்டுகிறது, குருவி ஏமாந்து போகிறது. உப்பு படிந்திருந்தால் காட்டாது. எனக்குத் தமிழ் தெரியும் என்று இத்தனை காலம் மகளிடம் அலட்டிக்கொண்டிருந்தேனே!

"அந்தக் கேமரா ரெக்கார்டிங் இருக்கா?" என்றாள்.

இருந்தது. இருவரும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த எட்டு நாளையும் முதலிலிருந்து பார்த்தோம். நான் அதில் உப்பளத்தையும் அழுக்கையும் தவிர எதையும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் விடியலில் ஒரு குருவி வலது பாதியில் வந்து அடித்து விழுகிறது. மறுநாள் ஒரு மீன்கொத்தி, அதுவும் வலது பாதி. அஞ்சலை ஓடிவருகிறாள், குனிந்து எடுக்கிறாள். உயிர் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து மேலே துணி போட்டு நிழலில் வைக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை விலக்கினால் பறந்து போகிறது. பறக்காததை முந்தானையில் எடுத்துக்கொண்டு போகிறாள். ஐந்தாம் நாள் துடைக்கிற பக்கத்தை மாற்றுகிறாள். அன்றைக்கு மோதுவது இடது பாதியில். அதன் பிறகு மூன்று நாளும் இடது பாதியில் மட்டும்தான். வெளுத்த பக்கத்தில் ஒன்றுகூட மோதவில்லை.

"அப்பா, அவங்க டெஸ்ட் பண்ணியிருக்காங்க" என்றாள் நிவேதா. "சைடு மாத்தி வேற பண்ணியிருக்காங்க. இதை எங்க காலேஜ்ல ஒரு செமஸ்டர் ஃபுல்லா சொல்லிக்கொடுத்தாங்க."

கடைசி நாள் விழுந்தது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு. மழைக்காலம் தொடங்குகிறபோது வடக்கேயிருந்து வந்து சேரும். விடியலிலும் அந்தியிலும் சரியாக ஆறு மணிக்குக் கூப்பிடும் என்பதால் அந்தப் பேர். அதை அஞ்சலை வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அது பறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில்தான் நான் அவளுக்குப் போன் போட்டிருக்கிறேன்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆச்சரியம். படிவம் இல்லை, பயிற்சி இல்லை. இத்தனை வருஷம் படிவம் நிரப்பின நான் ஒருநாளும் ஏன் இந்தப் பக்கம் மட்டும் என்று யோசித்ததில்லை. அவள் எட்டே நாளில் கேள்வியும் கேட்டு, பதிலையும் கண்டுபிடித்து, அதை ஒரு வாக்கியத்தில் எனக்குச் சொல்லவும் செய்தாள்.

6

நிவேதா உடனே அவளிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. குமாரைக் கூப்பிட்டு, வேறு ஆள் தேடாதே என்று சொல்லி, அவளைப் பற்றி விசாரித்தால் அவன் பெருமையாக ஒன்று சொன்னான். அஞ்சலையை நிறுத்தின அன்றைக்கே டீக்கடையில் எல்லார் முன்னாலும் காரணத்தைச் சொல்லிவிட்டானாம். கனடாவிலிருந்து அண்ணனே கேமராவில் பார்த்துவிட்டார், அரை வேலை அஞ்சலை என்று. உப்பள மேஸ்திரி தணிகாசலமும் அங்கே இருந்தாராம்.

உப்பள வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பொங்கல் கழிந்ததும் உப்புப் பாத்தியின் தரையை மிதித்து இறுக்க ஆள் எடுப்பார்கள். மேஸ்திரிதான் யார் யார் என்று முடிவு செய்வார். கூட்டமாகச் சேர்ந்து செய்கிற வேலை. ஒருத்தர் அசந்தால் மற்றவர்கள் தலையில் விழும், அதனால் சோம்பேறி என்று பேர் வாங்கினவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பட்டியலில் பேர் விட்டுப்போனால் ஒரு வருஷத்துப் பிழைப்பு போயிற்று. என் வீட்டு வேலை போனால் அவளுக்கு மூன்று மாசம்தான் கஷ்டம். இப்போது என் வாயால் அவளுடைய வருஷமே போய்விடுமோ என்று பயந்தேன்.

அந்த வாரக் கடைசியில் நானும் நிவேதாவும் போனில் விடியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் நல்ல மழை. கண்ணாடி கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது, உப்பளம் பளிச்சென்று தெரிந்தது. யாரோ ஒரு பெண் வாளியோடு வரப்பில் நடந்து வந்தாள். அஞ்சலை. வீட்டுக்குள் வரச் சாவி கிடையாது, உப்பளத்துப் பக்கம் வேலியும் கிடையாது. வாளியில் உப்புத்தண்ணி. அதில் துடைப்பத்தை முக்கி முக்கிக் கண்ணாடியின் மேல் தெளித்தாள். சொட்டுச் சொட்டாகக் காய்ந்து வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. மூலை முடுக்கு விடாமல் தெளித்தாள். வேலையை விட்டு நிறுத்தின வீடு, கேட்பார் யாரும் இல்லை, ஆனாலும் ஒரு ஓரம்கூட விடவில்லை. புள்ளிகள் கூடக் கூட அவள் உருவம் மங்கிக்கொண்டே போய், கடைசியில் வெள்ளையாக ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது.

நிவேதா அழுதுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒன்றாக எதையாவது பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் அவள் வாளியோடு வந்தாள். நாங்கள் இருவரும் காத்திருந்து பார்த்தோம். போனை மட்டும் அவள் எடுக்கவே இல்லை.

7

பொங்கலுக்கு ஊருக்குப் போக ஏற்கனவே டிக்கெட் போட்டிருந்தேன். நிவேதாவுக்குப் பரீட்சை, வரவில்லை. வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஒட்டக்கூடிய டேப் இரண்டு சுருள் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி, விளிம்பு வரைக்கும் ஒட்ட வேண்டும், ஒரு கழுகுப் படத்தை நடுவில் ஒட்டிவிட்டுப் பறவை பயப்படும் என்று விட்டுவிடக்கூடாது, முக்கியமாக வெளிப்பக்கம்தான் ஒட்ட வேண்டும் என்று நாலு தரம் சொன்னாள். சுருளின் மேல் 'அஞ்சலே ஆன்டிக்கு' என்று தமிழில் எழுதியிருந்தாள். லை வரவில்லை. நான் திருத்தவில்லை.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி சுருளைப் பிரித்துப் பார்த்து, ஸ்டிக்கர் பொட்டா, வியாபாரத்துக்கா என்று கேட்டார். குருவி மோதாமல் இருக்க என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போங்க சார் என்று விட்டுவிட்டார்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் மேஸ்திரி டீக்கடைப் பக்கம் ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இருபது பேர் இருப்பார்கள். அஞ்சலையும் ஓரமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது எனக்கு எளிது. ஆனால் பேரைக் கெடுத்தது டீக்கடையில். அதனால் அங்கேயே, எல்லார் முன்னாலும் சொன்னேன். அரை வேலை என்று நான் சொன்னது தப்பு என்றேன். அந்த எட்டு நாளும் அவள் என்ன செய்தாள், எந்தப் பக்கம் மோதியது, மழை விட்ட பிறகெல்லாம் வந்து என்ன செய்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். குமார் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

மேஸ்திரி டீயை முடித்து கிளாஸைக் கீழே வைத்தார்.

"முடிச்சிட்டியாப்பா? அஞ்சல பேரத்தான் மொதல்ல எழுதியிருக்கேன். உன் தம்பி வந்து சொன்ன அன்னிக்கே எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அவ வேல எப்படின்னு கேமராவுல பாத்தா எங்களுக்குத் தெரியணும்? உன்னப் பத்திதான் பேசிக்கினோம். நல்லா இருந்த ஆளு, அங்க போயி இப்படி ஆயிட்டானேன்னு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. காது வரை சூடேறி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்போது அஞ்சலைதான் பேசினாள்.

"வுடுங்க மேஸ்திரி. தப்புன்னு தெரிஞ்சதும் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து, இத்தினி பேரு எதுர்க்க சொல்லுது. இதுக்கு மேல இன்னா பண்ணும்? அண்ணா நல்ல மனுசன்தான்."

மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு டீ போடச் சொல்லி என் கையில் கொடுத்தார். அவள் பேரைத் திருப்பிக் கொடுக்கத்தான் நான் அந்த டீக்கடைக்குப் போயிருந்தேன். அந்த ஊரில் கெட்டுக் கிடந்தது என் பேர்தான். அதை எடுத்துக் கொடுத்தவள் அஞ்சலை.

டீ குடித்துவிட்டுப் பையிலிருந்த சுருளை அவளிடம் நீட்டினேன். மேலே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு கொஞ்சம் பிரித்து, புள்ளிகளுக்கு நடுவில் விரல் வைத்து இடைவெளி பார்த்தாள். எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வெளிப்பக்கந்தான ஒட்டணும். தெரியும்ணா" என்றாள். "சாயங்காலம் வேல வுட்டு வரேன். நீங்க ஏணிய எடுத்து வைங்க."

எடுத்து வைத்தேன்.